கிளி எந்த உறுப்பு

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினால், ஒரு வாய் வெற்றிலையை நிதானமாக மென்று முடிப்பதற்குள் போய்ச் சேருகிற தூரத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், இருக்கிறவர்கள் வருத்தப்படுவார்கள். புது ராஜ்யம் பிறந்து, ஆபீஸ் பலகைகளில் சாயம்கூடச் சரியாகக் காயாத சமயம். திருவனந்தபுரத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி, வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவனிடம் பரிவோடு பெயர் கேட்டார். பதில் இல்லை. இன்னும் பரிவோடு கேட்டார். அவன் சிரித்தான். கடைசியில் பரிவில்லாமல் கேட்ட பிறகுதான், அவனுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். பத்துப் பேர் நடுவில் தமக்கு ஏற்பட்ட இந்தக் கஷ்டம் இனி எந்த அதிகாரிக்கும் ஏற்படக் கூடாதென்று அவர் அன்றே ஒரு திட்டம் வகுத்தார். அதற்கு 'மௌனிகள் சௌகரியத் திட்டம்' என்று பெயர். அந்த நோயாளி எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தான் என்பதை மட்டும் யாரும் விசாரிக்க மறந்துவிட்டார்கள்.

திட்டத்தை நடத்திக் காட்டும் பொறுப்பு சூப்பிரண்டு டாக்டர் அனந்தராமன் தலையில் விழுந்தது. கல்பாத்திக்காரர், கெட்டிக்காரர், எதைச் செய்தாலும் அதற்கு ஒரு திறப்பு விழா வைக்காமல் தூங்காதவர். பழைய மருந்துக் கிடங்குக்கு வெள்ளையடித்து 'மௌன ஹால்' ஆக்கினார். பேச முடியாதவர்கள் முன்னால் மற்றவர்கள் பேசினால் அவர்கள் மனம் புண்படும். ஆகவே ஹாலுக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதுவரை ஊமைகளுக்காக அவர்களுடைய அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டிருந்தார்களே, அது ஒருவகை அடிமைத்தனம். ஆகவே கூட வருகிறவர்களை ஒரு மரக் கிராதித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். ஹாலிலிருந்து ஒவ்வொரு டாக்டர் அறைக்கும் தரையில் ஒரு வர்ணக்கோடு போட்டார்கள். சிவப்புக் கோட்டைப் பிடித்துப் போனால் ரணவைத்தியம், பச்சையைப் பிடித்தால் கண். பின்கட்டில் இருந்த பெண்கள் பிரிவுக்குப் போடுவதற்குள் சாயம் தீர்ந்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் கோடு போடுவதாகத் தீர்மானம் ஆயிற்று.

இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் நூர்தீன் தன் அக்கா கௌலத்தை அழைத்துக்கொண்டு வந்தான்.

நூர்தீன் மாட்டுத் தரகன். அந்தப் பக்கத்துச் சந்தைகளில் மாட்டு விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. வாங்குகிறவனும் தரகனும் கைகோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் ஒன்றும் தெரியாமல் ஒரு ஜோடிக் காளை கைமாறிவிடும். எதிராளியின் சுண்டுவிரல் சற்றுத் தயங்கினால் அவன் மனசில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நூர்தீனுக்குத் தெரிந்துவிடும். விரல் பாஷையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று பொள்ளாச்சிச் சந்தைவரை பேச்சு.

அக்கா கௌலத் பிறவியிலிருந்தே பேசாதவள், காதும் கேட்காது. நூர்தீனின் மனைவி மௌத்தான பிறகு அவனுக்குச் சோறாக்கிப் போட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் அடுப்படியில் நின்றபடி அவள் தன் இடது மார்பின் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டினாள். நூர்தீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தம்பியாகப்பட்டவன் பார்க்கிற இடமா அது? சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு வெளியே போய்விட்டான். பெருநாள் கழித்து மறுபடியும் காட்டினாள். மறுபடியும் சீரகத் தண்ணீர். இன்னொரு நாள் அவன் கையைப் பிடித்து, அந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வதுபோல் இழுத்தாள். அவன் நெருப்பைத் தொட்டவன் மாதிரி உதறிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டான். அன்றைக்குப் பிறகு அவள் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம். அதற்கு முதலில் அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே.

சந்தையில் யார் யாருடைய விரல்களையோ படித்தவன் வீட்டில் இருந்த ஒரு விரலைப் படிக்கத் தெரியாதவனாக நடித்தான். நடிப்பு என்பது அவனுக்கும் தெரியும். இடது கையைத் தூக்கி அவளால் தலை சீவ முடியாமல் போன பிறகுதான், இனி முகத்தைத் திருப்ப இடமில்லாமல், பஸ் ஏறினான்.

முதல் நாள் மணியில் போயிற்று. ஊமை வேஷம் போட்டு வரிசையைத் தாண்டி வருகிறவர்களைக் களைவதற்காக மௌன ஹாலில் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தார்கள். அதை அடிக்க சுவக்கீன் என்கிற பியூன். சத்தம் கேட்டு எழுந்தவன் போலி, எழாதவன் அசல். சுவக்கீன் மணி அடித்தான். பேச்சு வராவிட்டாலும் காது நன்றாகக் கேட்கிற ஒரு கிழவர் திடுக்கிட்டு எழுந்தார். வயசானவர் எழுந்தபோது நாம் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று கௌலத்தும் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். இருவரையும் சுவக்கீன் வெளியே கொண்டுவந்து விட்டான்.

வெளியே வந்ததும்தான் அவனுக்குப் பேச அனுமதி. சாதா வரிசையில் போய் நில்லுங்கள், அங்கே நீங்களே சொல்லலாம் என்று நூர்தீனிடம் நல்லபடியாகவே சொன்னான். நூர்தீன் சாதா வரிசையில் நின்றான். முறை வந்தது. நாற்காலியில் சின்ன வயசு ஆண் டாக்டர். சுற்றிலும் இருபது ஆண்கள். அதில் இரண்டு பேர் சந்தையில் தெரிந்தவர்கள். என்ன உடம்புக்கு என்று டாக்டர் கேட்டார். நூர்தீன் வாயைத் திறந்தான்.

"அக்கா ஊமைங்க" என்றான்.

ஊமையென்றால் மௌன ஹாலுக்குப் போக வேண்டியதுதானே என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நூர்தீனுக்குத் தப்பித்தோம் என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமாகவும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

அடுத்த முறை, என்ன நடந்தாலும் எழக் கூடாது என்று கௌலத்துக்குச் சைகையால் கண்டிப்பாகச் சொல்லி அழைத்துவந்தான். அவள் எழவில்லை. மணிக்கும் எழவில்லை, அசல் என்று சர்ட்டிபிகேட் ஆன பிறகு சுவக்கீன் வா வா என்று கை அசைத்தபோதும் எழவில்லை. தம்பி சொன்னதை அவள் தட்டியதே இல்லை. தடுப்புக்குப் பின்னால் நூர்தீன் குதித்துக் குதித்துக் கை காட்டினான். துணைக்கு வந்தவர் சைகை காட்டுவதும் பேச்சில் சேர்த்தி என்று சுவக்கீன் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான். ஹால் மூடுகிற நேரம் வந்துவிட்டது.

மூன்றாம் முறைதான் படம்வரை போனார்கள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மனித உடம்பை எழுதி வைத்து, நோயாளி தனக்கு வலிக்கிற இடத்தை அதில் தொட்டுக் காட்டினால் போதும் என்பது சூப்பிரண்டின் யோசனை. யோசனை நல்லதுதான். எழுத வந்தவர் குப்பண்ணன், நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுகிறவர். துணியில்லாத மனுசனைச் சர்க்கார் சுவரில் எழுத மாட்டேன், எனக்கும் பெண்டுபிள்ளை உண்டு என்று சொல்லிவிட்டார். சூப்பிரண்டும் யோசித்து, கௌரவமான உடை இருக்கட்டும் என்றார். குப்பண்ணனுக்குத் தெரிந்த கௌரவமான உடை ஒன்றுதான். கிரீடம், கவசம், முறுக்கு மீசை, இடுப்பில் கச்சை, வலது கையில் வாள் என்று ஒரு ராஜா வந்து நின்றார். இடது தோளுக்கு மேலே சுவர் காலியாக இருந்ததால் அங்கே ஒரு கிளியையும் உட்கார்த்தி வைத்தார். கிரீடம் என்றால் தலைவலி, கச்சை என்றால் வயிறு, வாள் என்றால் கைகால் குடைச்சல் என்று குமாஸ்தாக்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

கௌலத்தை ராஜா முன்னால் நிறுத்தினார்கள். அவள் ஏறிட்டுப் பார்த்தாள். முறுக்கு மீசையோடு ஓர் அந்நிய ஆண்பிள்ளை அவளை முறைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் பார்க்க, அவருடைய நெஞ்சில் கை வைக்க வேண்டுமாம். துப்பட்டிக்குள் அவள் முகம் குனிந்தது. சுவக்கீன் தொடு தொடு என்று ஜாடை காட்டினான். அவள் வெகுநேரம் தயங்கி, ராஜாவைத் தொடாமல், அவருக்கு இடது பக்கமாக, கிட்டத்தில் எது இருக்கிறதோ அதைத் தொட்டாள். கிளியைத் தொட்டாள்.

தடுப்புக்குப் பின்னால் நின்ற நூர்தீனுக்கு எல்லாம் புரிந்தது. இடது பக்கம் என்கிறாள். அதற்கு மேல் சொல்லப் பெண்பிள்ளையால் முடியவில்லை. 'நெஞ்சுங்க, மார்ல கட்டிங்க' என்று ஒரு வார்த்தை கத்தினால் முடிந்துவிடும். ஆனால் பேசக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் அவன் வாயைக் கட்டியிருந்தது. கட்டியிருந்தது அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. மரக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குமாஸ்தாக்கள் குழம்பிப் போனார்கள். கிளி எந்த உறுப்பு என்று எந்த உத்தரவிலும் இல்லை. விஷயம் சூப்பிரண்டிடம் போயிற்று. அவர் மூன்று டாக்டர்களை வைத்து ஒரு கமிட்டி போட்டார். கிளி தோளில் இருப்பதால் தோள் என்றார் ஒருவர். கிளி பறப்பதால் தலைசுற்றல் என்றார் இன்னொருவர். நோயாளியையே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன என்று மூன்றாமவர் கேட்டார். பார்ப்பதானால் படம் எதற்கு, திட்டம் எதற்கு என்று சூப்பிரண்டு அவரை உட்காரச் சொன்னார். பிறகு தம் முடிவைச் சொன்னார்:

"கிளி என்ன பண்ணும்? பேசும். வேறே பட்சி எதுவும் பேசாது. அப்போ கிளியைத் தொட்டுக் காமிச்சா என்ன அர்த்தம்? 'எனக்குப் பேச்சு வரலை'ன்னு அர்த்தம். இந்த ஸ்திரீக்குப் பேச முடியாமைதான் வியாதியாக்கும். இத்தனை நாள் ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாததை நம்ம படம் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிச்சுடுத்து."

நோய், பேச முடியாமை. இடம், தொண்டை என்று முடிவாயிற்று. நீலக் கோட்டைப் பிடித்து கௌலத்தை அழைத்துப்போய், வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையில் கறுப்பு மருந்து தடவினார்கள். அவளுக்குக் குமட்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை வரச் சொன்னார்கள். நூர்தீன் வாரத்துக்கு இரண்டு தடவை அழைத்துவந்தான்.

இதுதான் சொல்லக் கூசுகிற இடம். அவன் அழைத்துவந்தான். அக்காளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான், சந்தையைக்கூட விட்டுவிட்டுப் போகிறான், தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவில் பேசினார்கள். அவள் ஒவ்வொரு முறையும் அவனை நம்பி வாயைத் திறந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நூர்தீன் வெளியே போகிற மாடுகளைப் பார்த்தான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். அவனுடைய சோற்றில் மண் விழுந்த மாதிரி இருந்தது; இருந்தும் தின்றான்.

திட்டம் தொடங்கி வெற்றி கண்டதற்கு விழா எடுத்தார்கள். பெயர் கேட்டு ஏமாந்த அந்தப் பெரிய அதிகாரியே தலைமை. மௌன ஹாலில் அன்று மட்டும் மேடைக்கு மேல் இருப்பவர்கள் பேசலாம் என்று விதிவிலக்கு. மைக் வைத்தார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது என்பதால் யாரும் குறுக்கே பேசவில்லை. கௌலத்தை மேடையில் ராஜாவுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சூப்பிரண்டு எழுந்தார்.

"சாதாரணமா நோயாளின்னா எப்படி? இங்கே வலிக்கறது, அங்கே குத்தறதுன்னு சொல்லிண்டே இருப்பன். நாமளும் கேட்டுண்டே இருக்கணும். எத்தனை நேர நஷ்டம்! இந்த ஹாலுக்கு வரவாளால நமக்கு அந்த உபத்திரவம் கிடையாது. இந்த அம்மாளைப் பாருங்கோ. இத்தனை நாளா மருந்து தடவறோம். ஒரு நாள், ஒரு புகார் சொன்னது உண்டா? எல்லா நோயாளியும் இவாளைப்போல ஆயிட்டா நம்ம ராஜ்யத்தில் ஆஸ்பத்திரி நடத்தறது எத்தனை சுலபம்னு நான் அடிக்கடி நினைச்சுக்கறது உண்டு."

அதிகாரி தலையசைத்தார். சூப்பிரண்டு மேலும் சொன்னார், இன்னொருவரையும் கௌரவிக்க வேண்டியிருக்கிறது என்று. துணைக்கு வருகிறவர்களால்தான் திட்டத்துக்கு இடைஞ்சல். தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு எதையாவது கத்துவார்கள். ஆனால் இந்த அம்மாளின் தம்பி நூர்தீன் ராவுத்தர், இத்தனை நாளும் அக்காளைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியதில்லை. உத்தமத் துணைவர் என்று அவருக்குப் பட்டம். மேடைக்கு வரச் சொன்னார்கள்.

நூர்தீன் போனான். கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. கௌலத்துக்குப் பித்தளைக் குடம் ஒன்று பரிசு. அதிகாரி தம் கையாலேயே நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கப் போனாள். இடது கை பாதி தூரம்கூட எழவில்லை. முகம் சுருங்கிக் கறுத்தது. குடம் நழுவி மேடையில் உருண்டது. கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று எண்ணிக் கைதட்டியது. அவள் தப்புச் செய்துவிட்டவளைப் போல் தம்பியைப் பார்த்து, ஒற்றைக் கையால், மன்னித்துக்கொள் என்று சைகை காட்டினாள்.

நூர்தீனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மைக் எதிரேயே இருந்தது.

"எங்க அக்காளுக்குத் தொண்டையில ஒண்ணுமில்லீங்க" என்றான். அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "மார்ல கட்டிங்க. அது எனக்குத் தெரியுமுங்க. நாந்தான் சொல்லலீங்க."

சூப்பிரண்டு பதறிப்போய், துணைவர் இந்த ஹாலில் பேசப்படாது என்று விதியை நினைவுபடுத்தினார். விதிமீறல் நடந்தால் அடிக்க வேண்டிய மணியை சுவக்கீன் அடித்தான். அதிகாரி மட்டும், இங்கே லேடி டாக்டர் யாரும் இல்லையா என்று கேட்டார். இருந்தார், பின்கட்டில் செபமாலையம்மாள் என்று ஒரு டாக்டர். அங்கே எப்படிப் போவது என்று கேட்டதற்கு, அதற்குக் கோடு இல்லை என்றான் சுவக்கீன். நூர்தீன் மாலையோடு அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு வழி கேட்டுக் கேட்டு நடந்தான். பின்னால் அதிகாரி, சூப்பிரண்டு, கமிட்டி டாக்டர்கள் எல்லோரும் வந்தார்கள்.

செபமாலையம்மாள் யாரையும் உள்ளே விடாமல் திரை போட்டு கௌலத்தைப் பார்த்தார். பிறகு அவளை வாசலருகே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நூர்தீனிடம் வந்தார். நிறைய நோயாளிகளைப் பார்த்துக் களைத்த முகம். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது புதுசா வந்ததுன்னா நாளைக்கு இங்கேயே எடுத்துடலாம். நாள்பட்டதுன்னா நான் கத்தி வைக்கிறது ஆபத்து. உடனே மெட்ராசுக்குக் கொண்டு போகணும், அங்கேதான் அதுக்கு வைத்தியம் இருக்கு. கையால பார்த்து என்னால நிச்சயமாச் சொல்ல முடியலை. எத்தனை மாசமா இருக்கு?"

வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள். மைக்கில் சொன்னதே ஒரு வேகத்தில் சொன்னது. அந்த வேகம் இறங்கிவிட்டது. இத்தனை மாசமாகத் தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று அடுத்த கேள்வி வருமே என்று நூர்தீனுக்கு உடம்பு கூசியது.

"ரெண்டு மாசம் இருக்குமுங்க" என்றான். தரகன் பழக்கம், சொல்லும்போதே கை இரண்டு விரலைக் காட்டியது.

செபமாலையம்மாள் அவனை ஒரு கணம் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பெஞ்சுக்குப் போய் கௌலத்தின் எதிரில் குனிந்து, கட்டி இருந்த இடத்தைச் சுட்டிக் காட்டி, ஆகாசத்தில் பிறையை வரைந்து காட்டி, எத்தனை பிறை என்று விரல்களை விரித்துக் கேட்டார். கௌலத்துக்குக் கேள்வி உடனே புரிந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கை இன்னும் இரண்டு விரலோடு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் மாலை, சுற்றிலும் பெரிய மனிதர்கள். இத்தனை பேர் முன்னால் தம்பி தலைகுனியக் கூடாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்து, தன் வலது கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினாள்.

"பார்த்தேளா, ரெண்டு பேரும் ஒண்ணே சொல்றா" என்றார் சூப்பிரண்டு, மகிழ்ச்சியோடு. "திட்டம்னா இதுதான்."

அப்படியானால் நாளைக் காலையிலேயே எடுத்துவிடலாம் என்று செபமாலையம்மாள் நர்ஸைக் கூப்பிட்டார். நூர்தீன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டு, பெஞ்சின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அக்காளின் கையைப் பிடித்தான். மடங்கியிருந்த மூன்றாவது விரலை நிமிர்த்தினான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாலாவதை நிமிர்த்தினான். கட்டைவிரலை நிமிர்த்தினான். ஒரு கை போதாமல், தூக்க முடியாமல் மடியில் கிடந்த அவளுடைய இடது கையை மெதுவாக எடுத்து, அதிலும் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே போனான்.

கௌலத் அவற்றை மறுபடியும் மடக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.